சங்கை எடுத்துக் கொடுத்தது யார்?

நடுவர் அவர்களுக்கும், இந்த இலங்கை மலையகத்து அட்டன் குளிரில் சால்வைக்குள் ஒடுங்கியிருந்தும் எழுந்து போகாத உங்களுக்கும் வணக்கம். தேயிலைத் தோட்டத்துத் தாய் ஆறு மாதம் தாய்ப்பாலை மட்டும் கொடுக்க முடியாமற்போவதற்குப் பெரிதும் காரணம் வீட்டு வழக்கமா, வேலை நிலைமையா என்பது இன்றைய வழக்கு. வேலை நிலைமையே என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் பிறந்ததும் நாவில் வைக்கும் சேனை, பால் புகட்டும் சங்கு, வசம்பு, மாமியார் என்று அடுக்கிவிட்டு, தோட்டத்து வரிசை வீடான லயத்தை வைத்துக் கைதட்டலுக்காக ஒரு கேள்வியையும் எறிந்தார். "மலைக்குப் போகிறவள் மாரைக் கழற்றி லயத்திலா வைத்துவிட்டுப் போகிறாள்?" நீங்கள் சிரித்தீர்கள், நடுவரும் சிரித்தார், உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன். ஐயா, அவள் மாரை வைத்துவிட்டுப் போகவில்லை. பிள்ளையை வைத்துவிட்டுப் போகிறாள்.

என் அக்காவின் கதையைச் சொல்கிறேன். சட்டம் தரும் பிரசவ விடுமுறை 84 நாள். அதில் 14 நாள் பேற்றுக்கு முன்பே கழிந்துவிட, பிள்ளையோடு இருக்கக் கிடைத்தது 70 நாள். ஆறு மாதம் என்பது ஏறத்தாழ 180 நாள் அல்லவா? மீதி 110 நாளுக்குச் சட்டத்தில் வழியில்லை என்று சொல்லமாட்டேன். பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. தோட்டத்தில் பிள்ளை மடுவம், அதாவது பிள்ளைக் காப்பகம், இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. அக்காவின் தோட்டத்தில் மடுவம் இருந்தது. எனவே அரை மணி.

மடுவம் கீழே, அவள் கொழுந்து பறித்த மலை மேலே. இறங்கப் பதினைந்து நிமிடம். ஏற இருபத்தைந்து நிமிடம். நடுவர் அவர்களே, கூட்டிப் பாருங்கள்: பிள்ளையைத் தொடுவதற்கு முன்பே பத்து நிமிடம் கடன். முதல் நாள் ஓடி இறங்கினாள்; பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பினாள், அழுதது, அழுகை அடங்கி மார்பைப் பற்றும் வேளையில் நேரம் முடிந்திருந்தது. மாலையில் தராசு இரண்டு கிலோ குறைத்துக் காட்டியது. கங்காணி அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், எழுதினார். மறுநாளும் இறங்கினாள், மறுநாளும் அரைப்பேர். மூன்றாம் நாள் அவள் இறங்கவில்லை. மடுவத்துக்குப் போக வேண்டிய பிள்ளை லயத்தில் பாட்டியிடம் தங்கிவிட்டது. அன்றுதான், ஐயா, நீங்கள் சொல்லும் மாமியார், நீங்கள் சொல்லும் அதே சங்கை எடுத்து பால்மா கரைத்துப் புகட்டினார். சங்கைப் பிடித்தது மாமியார் கை. அதை எடுத்துக் கொடுத்தது தராசு.

வழக்கங்கள் இல்லை என்று நான் வாதிடவில்லை. அந்த மாமியாரும் பிறந்த பிள்ளையின் நாவில் சீனித் தண்ணீர் வைக்க முனைந்தவர்தான். ஆனால் மிட்வைப் அம்மா லயத்து வாசலில் உட்கார்ந்து, சீம்பாலே போதும், தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான், தனியாகத் தண்ணீர் வேண்டாம் என்று பேசியே அவரை மாற்றிவிட்டார். அந்த அம்மாவால் தராசோடு பேச முடியவில்லை.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைக் காட்டி, நாட்டில் நூற்றுக்கு 82 பிள்ளைகளுக்கு முடிகிறதே என்றார். அது ஆறு மாதத்தை நிறைவு செய்த பிள்ளைகளின் கணக்கன்று. கேட்ட அன்று ஆறு மாதத்துக்கு உட்பட்டிருந்த பிள்ளைகளின் கணக்கு. பத்து நாள் பிள்ளையும் அதில் சேரும். எழுபத்தோராம் நாளுக்குப் பிறகு என்ன நடந்தது என்று என் அக்காவிடம் கேளுங்கள்.

பத்து மணிக்கு அவளுக்குப் பால் கட்டிவிடும். சட்டை நனைந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியும் நனைந்து, வலி பொறுக்காமல், நிரையை விட்டு ஒதுங்கித் தேயிலைத் தூரில் பீய்ச்சிவிட்டு வந்து மறுபடி கூடையைத் தலையில் மாட்டுவாள். கீழே லயத்தில் அதே நேரத்தில் பிள்ளை சங்கில் குடித்துக்கொண்டிருக்கும். மாலையில் அவள் வாசலை மிதிப்பதற்கு முன் மாமியார் அந்தச் சங்கைக் கழுவி, அடுப்புக்குப் பின்னால் கண்ணில் படாமல் கவிழ்த்து வைத்துவிடுவார். அது எங்கே இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். ஒருநாளும் அவள் கேட்டதில்லை.