சினை ஊசிக்குள் இருக்கும் குணம்

(நாங்குநேரி வட்டாரத்தில் கறவை மாடு வளர்ப்போர் கூடிய ஒரு மாலையில், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஆற்றிய உரை)

அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, இடமில்லாமல் வாசலில் நின்று கேட்கும் தம்பிகளே, வணக்கம்.

மேலப்பாளையம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதற்கு முன்னால், வாங்குகிறவரின் கண் மாட்டின் நெற்றிக்குப் போகும். அங்கிருந்து திமில், முதுகு, வால். சுழி பார்க்கிறோம். ராஜசுழி, கோபுரச்சுழி என்றால் விலை ஏறும். பாடைச்சுழி, பெண்டிழந்தான் சுழி என்றால் மடி நிறையப் பாலிருந்தாலும் மாடு விலை போகாது. பெண்டிழந்தான் சுழி என்று ஒருவர் சொன்ன ஒரே சொல்லுக்காக அருமையான கிடேரிகள் கறிக்கு ஏற்றப்பட்டதை என் பணிக்காலத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு மாட்டின் முதுகு மயிர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்கும் வீட்டுப் பெண்ணின் ஆயுளுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அந்த மாடுகளுக்கு நாம் செய்தது அநியாயம்.

ஆனால் நெற்றிச் சுழியை மட்டும் நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். 1995-இல் அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற அம்மையாரும் அவருடன் வேலை செய்தவர்களும் சுமார் 1,500 மாடுகளைக் கூண்டில் நிறுத்திப் பார்த்தார்கள். நெற்றிச் சுழி இரு கண்களுக்கும் மேலே உயரத்தில் இருந்த மாடுகள் அதிகம் துள்ளின. கண்மட்டத்திலோ அதற்குக் கீழோ இருந்தவை அவ்வளவு துள்ளவில்லை. தாய் வயிற்றில் கரு வளரும்போது தோலும் மூளையும் ஒரே படலத்திலிருந்து உருவாகின்றன. நெற்றி மயிரின் ஒழுங்கு அமைகிற காலத்தில்தான் மூளையும் உருப்பெறுகிறது. அதனால் ஒன்றின் சாயல் மற்றொன்றில் தெரியக்கூடும் என்பது அவர்கள் விளக்கம். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதை ஒரே குரலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே சுழியை ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வைக்கக் கூடாது.

சரி, மாட்டின் குணம் பிறப்பில் வருவதா, வளர்ப்பில் வருவதா? கோபக்கார மாட்டின் கன்று கோபமாக இருந்தால், அது தாயின் இரத்தமா, அல்லது தாய் மிரளுவதைப் பார்த்துப் பார்த்துத் தானும் கற்றுக்கொண்டதா? ஒரே தொழுவில் நிற்கிற தாயையும் மகளையும் வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துக் காட்டியது, காளையின் விந்தைப் பசுவுக்குச் செலுத்திச் சினையாக்குகிற சினை ஊசிதான். ஒரே காளையின் விந்து முக்கூடலுக்கும் போகிறது, களக்காட்டுக்கும் போகிறது, ராதாபுரத்துக்கும் போகிறது. பிறக்கிற கிடேரிகள் ஒன்றையொன்று பார்த்ததில்லை, தகப்பனையும் பார்த்ததில்லை. வளர்க்கிற கைகள் வேறு, தீவனம் வேறு, தாய்களும் வேறு. அப்படியிருந்தும் ஒரு காளையின் மகள்கள் பல ஊர்களிலும் சாதுவாகவும், இன்னொரு காளையின் மகள்கள் பல ஊர்களிலும் மிரட்சியாகவும் இருந்தால், அந்த ஒற்றுமை இரத்தத்தின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

பல நாடுகளில் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஹெதர் பர்ரோ என்பவரும் அவருடைய குழுவினரும் 1988-இல் ஓர் எளிய வழியைச் சொன்னார்கள். மாட்டைக் கூண்டிலிருந்து திறந்துவிடுவது. அது வெளியேறும் முதல் ஐந்தரை அடித் தூரத்தை எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்று கருவியால் அளப்பது. அவ்வளவுதான். பயந்த மாடு பாய்ந்து ஓடும், அமைதியான மாடு நடந்து போகும். இப்படி அளந்து பார்க்கையில், மாட்டுக்கு மாடு காணும் வேறுபாட்டில் நூற்றுக்கு 20 முதல் 40 பங்கு வரை பரம்பரையால் வருகிறது என்பது பெரும்பாலான ஆய்வுகளில் தெரிந்தது. கறவை நேரத்துக் குணத்தை மட்டும் பார்த்தால் பங்கு இன்னும் குறைவாகவே வருவதுண்டு.

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணம் வந்துவிடக் கூடாது. உங்கள் வீட்டு மாட்டின் கோபத்தில் முப்பது பங்கு தகப்பனுடையது, எழுபது பங்கு உங்களுடையது என்பதல்ல இதன் பொருள். ஒரு மந்தையில் நூறு மாடுகள் நூறு விதமாக இருக்கின்றனவே, அந்த வித்தியாசங்களில் எவ்வளவு இரத்தத்தால் ஆனது என்பதுதான் கணக்கு. இதற்கு ஒற்றை மரபணு ஒன்றும் கிடையாது. பல மரபணுக்கள் சேர்ந்து, ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகச் செய்கிற வேலை.

முப்பது பங்கு சிறிய அளவு என்று நினைக்காதீர்கள். ஸ்பெயின் நாட்டில் போர்க்காளை வளர்ப்பவர்கள் காளையை மட்டுமல்ல, அதைப் பெறப்போகிற பசுவையும் வீரத்துக்காகச் சோதித்தே இனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். பல தலைமுறைகள் அப்படித் தேர்ந்தெடுத்ததில் சீற்றமே அந்த இனத்தின் அடையாளம் ஆகிவிட்டது. எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. பிரான்சிலிருந்து அமெரிக்கா போன லிமூசின் மாடுகளுக்கு முரட்டு மாடு என்ற கெட்ட பெயர் இருந்தது. வளர்ப்பவர்கள் கூடிப் பேசி, 1990-களில் ஒவ்வொரு கன்றின் குணத்துக்கும் மதிப்பெண் போட்டு எழுதத் தொடங்கினார்கள். அந்த எண்களை வைத்துக் காளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பெயரைப் பெருமளவுக்கு மாற்றிக் காட்டினார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். என் தாத்தா கிடைமாடு வைத்திருந்தவர். பிசான நெல் அறுப்பு முடிந்ததும், சாணம் வயலுக்கு உரமாகட்டும் என்று மாடுகளை வயல் வயலாக அடைத்துக் கிடை போடுவார். மந்தையில் எந்தக் காளைக்கன்றைப் பொலிகாளையாக விடுவது, எதைக் காயடித்து ஏருக்குப் பழக்குவது என்று முடிவுசெய்ய அவருக்கு இரண்டு வருடம் ஆகும். அந்தக் கன்று சிறுபிள்ளைகளிடம் எப்படி நிற்கிறது, இடி இடித்தால் என்ன செய்கிறது, தண்ணீர்த் துறையில் மற்ற மாடுகளை முட்டுகிறதா என்றெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பார். மனிதரைக் குறிவைத்து முட்டுகிற கன்றுக்கு அவர் மந்தையில் சந்ததி கிடையாது. மரபணு என்ற சொல்லையே கேட்டிராத மனிதர் அவர். செய்த வேலை தேர்வு இனப்பெருக்கம்.

இன்று பொலிகாளை போய்விட்டது, ஊசி வந்துவிட்டது. நான் ஊசிக்கு எதிரி இல்லை, ஆயிரக்கணக்கில் போட்டவன். சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு ஃபிரீசியன் என்று வந்த கலப்பினத்தால்தான் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் இத்தனை வருடப் பணியில் ஊசி போடும் நேரத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "சார், எத்தனை லிட்டர் கறக்கும்?" இந்தக் காளையின் மகள்கள் உதைக்குமா, கன்று இல்லாமல் சுரக்குமா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. பாலைப் பார்த்துப் பசுவைக் கொள் என்ற பழமொழியை நாம் அப்படியே பிடித்துக்கொண்டோம்.

பழையபடி காளையை நேரில் பார்த்தால் போதும் என்றும் சொல்ல மாட்டேன். ஜெர்சிப் பசு எவ்வளவு சாது என்று உங்களுக்குத் தெரியும். ஜெர்சிக் காளையோ, பழகிய பண்ணையாட்களையே குத்துவது என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. கறவைக்காக ஒரு காளையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் மகள்களின் குணமே நமக்கு வேண்டியது. நார்வே, சுவீடன் போன்ற நாடுகளில் கறக்கிறவர்கள் சொல்லும் குணக்குறிப்பு காளையின் மதிப்பீட்டிலேயே சேருகிறது.

குணத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், பாலும் அதில்தான் இருக்கிறது. காம்பைத் தொட்டவுடன் மாட்டின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற சுரப்பு இரத்தத்தில் இறங்குகிறது, ஒரு நிமிடத்தில் மடி பாலை விடுகிறது. அந்த நேரத்தில் மாடு பயந்தால் அட்ரினலின் வந்து அதைத் தடுத்துவிடும். மாடு பாலை அடக்கிக்கொள்கிறது என்று நாம் திட்டுகிறோமே, அது வேண்டுமென்று செய்வதல்ல. அதன் உடம்பு அதைக் கேட்காமலே செய்வது.

எங்கள் அம்மா ஒரு செவலைப் பசு வைத்திருந்தார். மூன்றாம் ஈற்றில் உதைக்கத் தொடங்கியது. உதைக்காமலிருக்கப் பின்னங்காலைக் கட்டும் அணைகயிறு போட்டார்கள், அடித்தார்கள், பழுத்த கம்பியைக்கூடக் காட்டினார்கள். கடைசியில் முரட்டு மாடு என்று சொல்லிப் பாதி விலைக்கு விற்றுவிட்டோம். நான் அப்போது பள்ளிப் பையன். கல்லூரியில் மடிநோயைப் பற்றிப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பசுவின் பின்மடி ஒரு பக்கம் கல்லாக இறுகியிருந்தது என் கைக்கு நினைவிருந்தது. அது பரம்பரைக் கோபம் அல்ல. வலி. அதைச் சொல்ல அந்த வாயில்லா ஜீவனுக்குக் கால் ஒன்றுதான் இருந்தது.

ஆகவே திடீரென்று குணம் மாறிய மாட்டை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் கறவையிலிருந்தே ஒரே மாதிரி மிரளுகிற மாட்டில்தான் பரம்பரையைத் தேட வேண்டும். அதிலும் ஒன்று உண்டு. திமில் உள்ள நம் நாட்டு மாடுகள் சீமை மாடுகளைவிட எளிதில் மிரளும் என்பது உண்மை. அதே மாடுகள்தான் பழகிய கைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. சட்டென்று உணருகிற மனம் அடியையும் மறக்காது, தடவலையும் மறக்காது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்று சொன்னவர்கள் இதைத் தெரிந்துதான் சொன்னார்கள்.

என்னுடைய வேண்டுகோள் சிறியது. வாசலில் இருக்கிற பெட்டியில் நாற்பது பக்க நோட்டுகள் வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போடும்போது விந்துக்குச்சியின் மேல் அச்சிட்டிருக்கும் காளை எண்ணைக் கேட்டு எழுதுங்கள். அந்தக் கிடேரி தலையீற்று ஈன்று கறவைக்கு வந்ததும், முதல் மாதம் முடிகிற அன்று, ஒன்று முதல் ஐந்து வரை ஒரு மதிப்பெண் போடுங்கள்: அசையாமல் நின்றால் ஒன்று, அணைகயிறு இல்லாமல் கிட்டப் போகவே முடியாது என்றால் ஐந்து. கறப்பவர் யார் என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலும் அக்காமார்கள்தான், அவர்கள் சொல்லுகிற எண்ணையே போடுங்கள். மூன்று, நான்கு வருடத்தில் இந்த வட்டாரத்தில் எந்தக் காளையின் மகள்கள் எப்படி நிற்கின்றன என்று நம் கையில் ஒரு கணக்கு இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஊசி போட வருகிறவரிடம், இந்த எண்ணுள்ள காளை எங்களுக்கு வேண்டும், அது வேண்டாம் என்று கேட்கலாம். நோட்டு நிரம்பியவர்கள் என் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். கூட்டிப் பார்த்துக் கணக்குப் போட்டுத் தர நான் இருக்கிறேன்.