தூக்க மாத்திரை கரைச்ச தண்ணியில விதைநெல்லை ஊறப்போடலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி வேதாரண்யம் பக்கத்துல இருந்து. "ஐயா, எங்க நிலத்துல உப்பு ஜாஸ்தி. மெலடோனின் தண்ணியில விதைநெல்லை ஊறவச்சா நாத்து உப்பைத் தாங்கும்ங்கிறாங்க. அது தூக்கத்துக்குச் சாப்பிடுற மாத்திரைதானே? அதையே கரைச்சுக்கலாமா?"ன்னு கேட்டிருக்கார்.

பொருள் அதேதாங்க. 1958ல மாட்டோட மூளையில இருக்கிற பீனியல் சுரப்பியில இருந்து பிரிச்சு எடுத்தாங்க. பயிர்லயும் இருக்குன்னு 1995லதான் வெளிய வந்துச்சு. நெல்லு, கோதுமை, மக்காச்சோளம் எல்லாமே ட்ரிப்டோஃபான்ங்கிற அமினோ அமிலத்துல இருந்து செரோடோனின், அதுல இருந்து மெலடோனின்னு தானே தயாரிச்சுக்குது.

உப்பு நிலத்து நாத்தை உக்காந்து உத்துப் பாருங்க. அடியில இருக்கிற பழைய இலையோட நுனிதான் முதல்ல வெளுத்துச் சுருளும். சோடியம் அங்க போய்ச் சேருது, பொட்டாசியம் குறையுது. இலைக்குள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி பொருள் பெருகி செல்லோட சவ்வைக் கெடுக்குது. மெலடோனின் அங்கதான் வேலை செய்யுது. அந்த நச்சைத் தானும் அடக்கும், கேட்டலேஸ் மாதிரி நொதிகளையும் முடுக்கிவிடும். 2015ல வந்த ஒரு நெல் ஆய்வுல மெலடோனின் கொடுத்த நாத்துல இலை பழுக்கிறது தள்ளிப்போச்சு, உப்பையும் கூடுதலா தாங்குச்சு. அதனால இது கட்டுக்கதை இல்ல.

ஆனா இந்த ஆய்வுல முக்காவாசி தொட்டியில, சின்ன நாத்துல நடந்தது. நெல்லு உப்புக்குத் தோத்துப்போற பருவம் ரெண்டு: ஒண்ணு நாத்து, இன்னொண்ணு பூக்கிற நேரம். பூக்கிறப்ப உப்பு தாக்கினா கதிர் பூரா பதராயிடும். விதையில ஊறவச்சது அதுவரைக்கும் துணைக்கு வரும்னு நான் நம்பல. மண்ணுல கிடக்கிற உப்பையும் அது எடுக்காது.

மாத்திரைக் கணக்கைப் பாருங்க. ஆய்வுல அடிக்கடி எடுக்கிற அளவு 100 மைக்ரோமோலார், அதாவது லிட்டருக்கு சுமார் 23 மில்லிகிராம். 30 லிட்டர் தண்ணிக்கு 690 மில்லிகிராம். 3 மில்லிகிராம் மாத்திரைன்னா 230 மாத்திரை! அது தண்ணியில சுலபமா கரையவும் கரையாது, வெளிச்சத்துல கெட்டும் போகும். அளவு மிஞ்சினா வேர் வளர்ச்சியே தடைபடும். தயவுசெஞ்சு அந்தக் காசை அதுல போடாதீங்க.

அதுக்குப் பதிலா, மழைத் தண்ணியைத் தேக்கி வடிச்சுவிட ஒரு வடிகால் வெட்டுங்க. உங்க கடலோர மண்ணுக்குன்னே இருக்கிற குழியடிச்சான் மாதிரி ரகத்தை ஒரு மூலையில போட்டுப் பாருங்க. ஜிப்சத்தை அவசரப்பட்டுக் கொட்டாதீங்க, அது களர் நிலத்துக்கு, அதாவது சோடியம் மிஞ்சிக் காரமாயிருக்கிற மண்ணுக்கு. வெறும் உவருக்கு, அதாவது உப்பு மட்டும் கூடின மண்ணுக்கு, நல்ல தண்ணியும் வடிகாலும்தான் வைத்தியம். மண் பரிசோதனையில உப்பு அளவைக் காட்டுற இ.சி., கார-அமிலத் தன்மையைக் காட்டுற பி.எச். ரெண்டும் என்ன வந்திருக்குன்னு கமெண்ட்ல போடுங்க, எந்த வகைன்னு பாத்துச் சொல்றேன்.