காலி நிலம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

என் அப்பா வலங்கைமான் வட்டத்தில், குடமுருட்டிப் பாசனத்தில், பத்து மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தவர். பத்து மா என்றால் அரை வேலி, ஏக்கர் கணக்கில் மூன்றேகாலுக்குச் சற்று மேல். அதை 27 ஆண்டுகள் உழுதார். எழுத்தில் ஒன்றும் கிடையாது. சம்பா அறுத்துக் களத்தில் தூற்றியதும் குத்தகை நெல் நிலக்காரர் வீட்டுக்கு வண்டியில் போய்விடும். அவர் காலமாகி, பிள்ளைகள் வெளிநாட்டில் குடியேறிய பிறகு நெல்லை விற்று வங்கியில் பணமாகக் கட்டினோம். ரசீது கேட்பது மரியாதைக் குறைவு என்று அப்பா நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

ஒரு ஜூன் மாதம். குறுவைக்கு நாற்று விட்டு இருபது நாள் ஆகியிருந்தது. நாற்றங்கால் ஓரமாக ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் கையில், நிலக்காரருக்குப் பதிலாக நிலத்தை விற்க அதிகாரம் தரும் பவர் பத்திரத்தின் நகல் இருந்தது. "ஐயா, நடவு போட வேண்டாம். நிலத்தைக் காலி நிலமாக ஒப்படைக்க வேண்டும் என்று பேசியிருக்கிறோம்" என்றார். குரலில் கடுமை இல்லை. அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத்தான் போனார். அன்று முழுவதும் அப்பா நாற்றங்கால் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். நாற்று முற்றிக்கொண்டே போனது. கடைசியில் பக்கத்து வயல்காரர் வந்து பறித்துக்கொண்டு போய்த் தம் வயலில் நட்டார். அதற்கு அவர் கொடுத்த பணத்தை அப்பா வாங்கவில்லை.

'காலி நிலம்' என்ற அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நாற்று நிற்கும் நிலத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

வெளிநாட்டுக் குடிமக்கள் இந்தியாவில் விளைநிலம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. வெளிநாடுவாழ் இந்தியர்கள்கூட விளைநிலத்தைத் தாய் தந்தை வழியாக அடையலாமே தவிர, விலைக்கு வாங்க முடியாது. ஆனால் 2005-ஆம் ஆண்டு முதல் நகரியம், குடியிருப்பு, கட்டுமானத் திட்டங்களில் நூறு சதவீத அந்நிய முதலீட்டுக்கு வழி திறந்திருக்கிறது. அந்தப் பணம் நேராக வயல் வரப்பில் வந்து நிற்காது. உள்ளூர்த் தரகர், பவர் வாங்கியவர், ஒரு நிறுவனம், அந்த நிறுவனத்தில் முதல் போட்டவர் என்று நீள்கிற வரிசையில், குத்தகைதாரர் பார்ப்பது முதல் முகத்தை மட்டும்தான். விற்பனைக்கு முன்பே நிலத்தில் ஆள் இல்லை என்று காட்டியாக வேண்டும். அதனால் கடைசியில் வாங்குகிறவர் யாரையும் வெளியேற்றியதாகத் தோன்றாது. எங்கள் பத்து மாவுக்கு முடிவில் யார் உடைமையாளர் ஆனார், எந்த ஊர்ப் பணம் அதில் இறங்கியது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

இதே சொல் கடல் கடந்தும் கேட்டது. அங்கே வெளிநாட்டவராகப் போனவர்கள் நம்மவர்கள். ஆப்பிரிக்காவில் எத்தியோப்பியா நாட்டின் காம்பெல்லா பகுதியில், பெங்களூரைச் சேர்ந்த கருத்தூரி நிறுவனத்துக்கு 1 லட்சம் ஹெக்டேர் நிலம் நீண்ட காலக் குத்தகைக்குத் தரப்பட்டது. இன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நெருங்கி வருகிற நிலம் அது. எத்தியோப்பியாவில் 1975 முதல் நிலம் முழுவதும் அரசுடைமை. தலைமுறை தலைமுறையாக உழுத அனுவாக் மக்களிடம் காட்டப் பத்திரம் கிடையாது. மாற்றி மாற்றிப் பயிர் வைப்பதற்காகத் தரிசு விட்டிருந்த இடங்களும், மாடு மேய்த்த இடங்களும் அரசின் கணக்கில் யாருக்கும் சொந்தமில்லாத நிலங்கள். அதே ஆண்டுகளில் அந்த மக்களைப் புதிய குடியிருப்புகளுக்கு நகர்த்தும் அரசுத் திட்டமும் நடந்தது. 2011-இல் பாரோ ஆறு பெருக்கெடுத்து நிறுவனத்தின் மக்காச்சோளம் வெள்ளத்தில் போனது. 2015-இன் இறுதியில் அரசே ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ஆற்றங்கரையில் எங்கே விதைக்கலாம், எங்கே கூடாது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. டெல்டாவில் பிறந்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

நம் கடலோரத்திலும் இது நடந்தது. 1990-களில் சீர்காழி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம் பக்கம் ஏற்றுமதி இறால் பண்ணைகள் வந்தன. நிலக்காரர்கள் விற்றார்கள். அந்த நிலங்களில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்குக்கு, உழுதவர்களுக்கும் கூலிக்கு நட்டவர்களுக்கும் விற்பனையில் ஒரு பங்கும் இல்லை. குளத்து உப்பு பக்கத்து வயலுக்கும் குடிநீருக்கும் இறங்கியது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். அவரும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் 1981-இல் தொடங்கிய லாப்டி இயக்கம்தான் நிலமற்ற பெண்களின் பெயரில் நிலத்தைப் பதிந்து கொடுத்த இயக்கம். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. தீர்ப்பு வந்தது. உப்பு ஏறிய மண் தீர்ப்புக்குப் பணிந்து மாறிவிடவில்லை.

டெல்டாவுக்கென்று ஒரு தனித் துன்பம் இதில் உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பல வயல்களுக்குத் தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயலின் மடை வழியாகத்தான் கீழ் வயலுக்குத் தண்ணீர் வரும். ஐப்பசி மழையில் மிஞ்சுகிற தண்ணீரும் அப்படியே வயல் வயலாக இறங்கி வடிகாலைச் சேரும். நடுவில் ஒருவர் இரண்டு வேலியை வாங்கி, செம்மண் அடித்து மேடாக்கி, மனைக்கல் நட்டுவிட்டால், அவருக்குக் கீழே இருக்கும் ஐம்பது மாவுக்குக் குறுவையில் தண்ணீர் வராது. சம்பாவில் மேல் வயலின் தண்ணீர் வடியாது. மேலே இருப்பவர் பயிர் அழுகி நிற்பார். இரண்டு வருடம் அப்படி நின்றவர் மூன்றாம் வருடம் தரகர் சொல்லும் விலைக்குத் தலையாட்டுவார். அவரிடம் குத்தகைக்கு இருந்தவரிடம் யாரும் விலை பேசவே வர மாட்டார்கள். எங்கள் நிலம் மனையான பிறகு, எங்கள் நாற்றை வாங்கிக்கொண்டுபோய் நட்டாரே, அந்தப் பக்கத்து வயல்காரருக்கு இதுதான் நடந்தது. அவரும் குத்தகைக்காரர்தான்.

2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது எங்கள் ஊரில் இனிப்பு கொடுத்தோம். வயலைத் துளைத்து மீத்தேன் எரிவாயு எடுக்கும் திட்டம் வந்துவிடுமோ என்ற பயத்தில் வருடக்கணக்காகத் தூக்கமில்லாமல் கிடந்த ஊர் அது, மகிழாமல் என்ன செய்யும்? அந்தச் சட்டத்தை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் அதன் தடைப் பட்டியலில் உருக்காலைகளும் எண்ணெய், எரிவாயு ஆய்வும் இருக்கின்றன, மனைப்பிரிவு இல்லை. குத்தகைதாரரைப் பற்றியும் அதில் பேச்சில்லை.

குத்தகைதாரருக்கான சட்டங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இருக்கின்றன. அவை சும்மா கிடைத்தவை அல்ல. கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் போன்றவர்கள், பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுக்கப்பட்ட சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகக் கீழத்தஞ்சையில் அமைப்புக் கட்டியதன் பின்னணியில் 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். தானும் தன் குடும்பமும் உடலுழைத்துப் பயிரிடுகிற குத்தகைதாரரை வெளியேற்றச் சில காரணங்கள் மட்டுமே அதில் உண்டு: குத்தகை பாக்கி, நிலத்தைப் பாழாக்குவது, வேளாண்மை அல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது, நிலக்காரரின் உரிமையை வேண்டுமென்றே மறுப்பது. இவற்றையும் உரிய வருவாய் அதிகாரியின் முன் நிரூபிக்க வேண்டும். 'நிலத்தை விற்கப் போகிறேன்' என்பது அந்தப் பட்டியலில் இல்லை. விற்றாலும் வாங்கியவர் குத்தகைதாரரோடு சேர்த்துத்தான் வாங்குகிறார். நியாயக் குத்தகை மகசூலில் 25 சதவீதம் என்று 1980-இல் குறைக்கப்பட்டது. வெண்மணியில் 44 பேர் எரிந்துபோன 1968 டிசம்பருக்கு அடுத்த ஆண்டு, குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் வந்தது. வாய்மொழிக் குத்தகையையும் வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பதிந்துகொள்ளலாம்.

அப்பாவுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. காரில் வந்தவருக்கு எல்லாமே தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் அவர் ஒரு தாளைக் கொண்டுவந்தார். நிலத்தில் எனக்கு எந்த உரிமையும் இல்லை, மனமுவந்து ஒப்படைக்கிறேன் என்று எழுதியிருந்தது. அதோடு கொஞ்சம் பணம். உரிமையே இல்லாத ஒருவரிடம் உரிமையில்லை என்று எழுதி வாங்க ஏன் பணம் தருகிறார்கள் என்று அன்றைக்கு எங்களில் ஒருவர் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை. அப்பா கையெழுத்துப் போட்டார்.

பதிவு இல்லாததன் விலையைக் குத்தகைதாரர்கள் ஒவ்வொரு வருடமும் கட்டுகிறார்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் நில உரிமையைக் காட்டும் சிட்டா, சாகுபடியைக் காட்டும் அடங்கல் கேட்கிறார்கள். சிட்டா நிலக்காரர் பெயரில் இருக்கிறது. பிரதமரின் 6000 ரூபாய் உதவித் திட்டம் நிலம் சொந்தமாக வைத்திருப்பவருக்குத்தான். அரசு நிலம் எடுத்தால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று ஆண்டுகள் அங்கே பிழைத்த குத்தகைதாரரும் வாரதாரரும் கூலித் தொழிலாளியும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். ஆனால் மூன்று ஆண்டுகள் பிழைத்ததை எதைக் கொண்டு காட்டுவது? அரசு கையகப்படுத்தாமல் தனியார் வாங்கும்போது இந்தக் கேள்விகூடப் பெரும்பாலும் எழுவதில்லை.

கேட்டுக்கொண்டிருக்கும் குத்தகைதாரர்களுக்கு, குறிப்பாகக் கணவர் போன பிறகும் அதே நிலத்தில் இறங்கி உழைக்கும் பெண்களுக்குச் சொல்கிறேன். உழைக்கும் வாரிசுக்கும் 1955 சட்டத்தில் உரிமை உண்டு. இந்த வாரமே கிராம நிர்வாக அலுவலரிடம் போய், உங்கள் புல எண்ணுக்கு அடங்கலில் சாகுபடி செய்பவர் என்று யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். குத்தகையை வங்கி வழியாகக் கட்டுங்கள், இல்லையென்றால் ரசீது வாங்குங்கள். உரம் வாங்கிய பில், பக்கத்து வயல்காரரின் வாக்குமூலம், எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். படித்துக் காட்ட ஆள் இல்லாமல் எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்காதீர்கள். வட்டாட்சியரிடம் பதிவு மனுவைக் கோடையிலேயே கொடுத்துவிடுங்கள். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்து, நாற்றும் விட்ட பிறகு அலையத் தொடங்கினால், நாற்று காத்திருக்காது.

வணக்கம்.