உதிர்ந்தால் போதுமா?

நடுவர் ஐயா அவர்களே, மணலில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் பாம்பன் சனங்களே, வணக்கம். ஈஸ்டருக்கு முன்னால் நாம் நோன்பிருக்கிற இந்தத் தவக்காலத்தில் மனிதன் புதிதாவது நோன்பினாலா, இரக்கத்தினாலா? இரக்கத்தினாலேதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "பங்குனியில் வேம்பு இலையை உதிர்த்தால்தான் துளிர்க்கும், நாமும் ஒறுத்தால்தான் புது மனுசன்" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் அண்ணே, உதிர்த்ததோடு நின்றுவிட்டால் நம்மூரில் அதற்குப் பட்ட மரம் என்று பேர். விறகுக்கு ஆகும்.

ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகெல்லாம் 61 நாள் கரையில் கிடக்கும். மீனவன் வயிறு காயட்டும் என்றா நிறுத்துகிறார்கள்? சினை மீன் முட்டை போடட்டும் என்றுதானே! வலையை மடக்குவது நாம், பிழைப்பது மீன். பைபிளில் எசாயா 58ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கேட்கிற நோன்பும் இதுதான்: பசித்தவனோடு உன் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்.

"இயேசுவே நாற்பது நாள் பட்டினி கிடக்கவில்லையா?" என்கிறார்கள். கிடந்தார். தன் பசிக்கு ஒரு கல்லைக்கூட அப்பமாக்க மாட்டேன் என்றவர், ஊர் பசிக்கு ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பெருக்கினாரே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உயிர்த்த பிறகு என்ன செய்தார்? யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரம் நம்ம கடற்கரைக் கதை மாதிரியே இருக்கும். சீடர்கள் ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் படவில்லை. விடியற்காலையில் அவர் சொன்ன பக்கம் போட்டால் 153 பெரிய மீன். கரையேறிப் பார்த்தால் கரி நெருப்பு, அதன்மேல் மீன், கூடவே அப்பம். ஐயா, அந்தக் கரி நெருப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். சில நாளுக்கு முன்னால், இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி, அதே மாதிரி ஒரு கரி நெருப்பில் குளிர் காய்ந்துகொண்டுதான் சீடர் பேதுரு "அவரை எனக்குத் தெரியாது" என்றார். அப்படிச் சொன்னவருக்கு மீன் சுட்டு வைத்து, "வாங்க, சாப்பிடுங்க" என்கிறார். "எத்தனை நாள் நோன்பிருந்தாய்?" என்று கேட்கவில்லை. "என்மேல் அன்பாயிருக்கிறாயா? அப்படியென்றால் என் ஆடுகளைப் பார்த்துக்கொள்" என்றார்.

நோன்பை நான் குறைத்துப் பேசவில்லை, நானும் இருக்கிறவள்தான். போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, காலையிலிருந்து பச்சைத் தண்ணி மட்டும். கோயிலில் சிலுவைப்பாதை செபம் முடிந்து வந்தால் வாசலில் பக்கத்து வீட்டு மதினி. கடலில் பாசி எடுத்துவிட்டு நேரே வந்திருக்கிறாள்; விரலில் சுற்றின துணியைக்கூட அவிழ்க்கவில்லை, அதிலிருந்து தண்ணி சொட்டுகிறது. "கடலுக்குப் போன மனுசன் இன்னும் கரை சேரலை, ஒரு போன் போட்டுத் தா" என்றாள். எனக்கு இருந்த பசி எரிச்சலில் "அப்புறம் வா மதினி" என்று கதவைச் சாத்திவிட்டேன். அவள் வீட்டுக்காரர் நல்லபடியாக வந்துவிட்டார். அவள்தான் ஒரு வாரம் என் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

மணியடிக்கிறீர்கள், இதோ முடித்துவிடுகிறேன். அடுத்த வெள்ளி ஒரு தூக்குவாளி கஞ்சியோடு நானே அவள் வீட்டுக்குப் போனேன். ஒன்றும் பேசாமல் இரண்டு கும்பாவில் ஊற்றி, ஒன்றை என் பக்கம் தள்ளினாள். குடித்தேன். அன்றைக்கு என் நோன்பு முறிந்ததா இல்லையா என்று எதிரணி அண்ணன் எழுந்து சொல்லட்டும்.