கோவைகளின் இடையமும் வீச்சும்: வரிசையை முதலில் உறுதிசெய்யுங்கள்

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து பேசுகிறேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் தம்பி, தங்கைமாருக்காக இன்று ஒரேயொரு கணக்கை எடுத்து, அதை ஆழமாகப் பார்க்கப்போகிறோம்.

க − 4, க + 1, க + 9 ஆகிய கோவைகளில் சிரமம் எதுவுமில்லை. க எந்த எண்ணாக இருந்தாலும் வரிசை மாறாது. ஏறுவரிசையில் நடுவில் வரும் இடையம் க + 1; மிகப் பெரியதிலிருந்து மிகச் சிறியதைக் கழித்தால் வரும் வீச்சு 13.

பலகையில் இப்போது எழுதியிருக்கும் க, 2க, 12 − க ஆகிய மூன்றும் அவ்வாறானவை அல்ல. இவற்றின் இடையம் 7 எனின் க இன் பெறுமானம் என்ன? நடுவில் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காக 2க = 7 என்று எழுதி, 3.5 என்ற விடையோடு நிறுத்திவிடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது; ஏனெனில், அவர்களுக்குச் சமன்பாடு தீர்க்க நன்றாகத் தெரியும், வரிசையைச் சோதிக்கும் பழக்கம் மட்டுமே வரவில்லை.

கோவைகளை இரண்டிரண்டாகச் சமப்படுத்துங்கள். க = 2க எனின் க = 0; 2க = 12 − க எனின் க = 4; க = 12 − க எனின் க = 6. வரிசை மாறக்கூடிய இடங்கள் இந்த மூன்றுமே. இவற்றை எண்கோட்டில் குறித்தால் நான்கு பகுதிகள் கிடைக்கும். க மறை எண்ணாக இருக்கும்போது ஏறுவரிசை 2க, க, 12 − க என்பதால் இடையம் க. 0 இற்கும் 4 இற்கும் இடையில் அது 2க. 4 இற்கும் 6 இற்கும் இடையில் 12 − க. 6 ஐத் தாண்டியதும் மறுபடியும் க.

க கூடிக்கொண்டே போகும்போது இடையம் 8 வரை ஏறி, 6 வரை இறங்கி, பின்னர் மீண்டும் ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். 7 என்ற பெறுமானத்தை அது மூன்று முறை கடக்கிறது. ஆகவே விடைகள் 3.5, 5, 7 ஆகிய மூன்றும். பிரதியிட்டுப் பாருங்கள்: 3.5, 7, 8.5, அடுத்து 5, 7, 10, இறுதியாக 5, 7, 14. இடையம் 5 என்று கேட்டிருந்தால் 2.5 மட்டுமே பொருந்தும். இந்த அழகுக்காகவே இக்கணக்கைத் தெரிவுசெய்தேன்.

வீச்சுக்கும் அதே பகுதிகள் போதும். முறையே 12 − 3க, 12 − 2க, க, 3க − 12 என்பன வீச்சுகளாகும். வீச்சு 10 எனின் முதற்பகுதி 2/3 ஐத் தருகிறது. அது மறை எண் அல்ல, நீக்குங்கள். இரண்டாம் பகுதியில் க = 1 பொருந்துகிறது. மூன்றாம் பகுதியில் வரும் 10 அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. நான்காம் பகுதியில் 22/3 பொருந்துகிறது. வீச்சு 3 என்று கேட்டால் விடையே இல்லை; க = 4 ஆகும்போது கோவைகள் 4, 8, 8 ஆகின்றன, அங்கு கிடைக்கும் 4 தான் மிகச் சிறிய வீச்சு.