தம்பதிக்கு இரண்டு கணக்கு

நடுவர் ஐயா அவர்களே, சபையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

புதுசாகக் கலியாணம் முடித்தவர்களின் காசு ஒரே கணக்கில் இருப்பதா, தனித்தனிக் கணக்கில் இருப்பதா? இதுதான் இன்றைய வழக்கு. உயிரே ஒன்றானபின் கணக்கு எதற்கு இரண்டு என்று எதிரணித் தலைவர் உருகினார். கைதட்டலும் நல்லாய் விழுந்தது. ஆனால் ஐயா, கரண்ட் பில் கட்டும் கவுண்டரில் உயிரை நீட்டினால் மிச்சக்காசு தரமாட்டார்கள்.

எங்கள் கிழக்கிலங்கை வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வீடு பெண்ணுக்கு எழுதப்படுகிறது. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு மாமியார் வீட்டுக்கு வருகிறார். வந்த முதல் மாதமே சம்பளம் முழுவதையும் ஒரே கணக்கில் போடு என்கிறது எதிரணி. சரி, போட்டுவிட்டார். அவருக்குச் சாம்பல்தீவில் ஒரு தாய் இருக்கிறா. அம்மாவின் பிரஷர் குளிசைக்கு ரெண்டாயிரம் எடுக்க வேண்டும். மாமியார் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறா, காது மட்டும் இந்தப் பக்கம். மனைவி நல்ல பிள்ளை, ‘எடுங்கோ, இதெல்லாம் கேக்கோணுமே?’ என்றுதான் சொல்வாள். ஆனாலும் கேட்கிற நேரம் அந்த மனிசன் அவளின் முகத்தைப் பார்க்கமாட்டார், சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்ப்பார். தம்பியின் டியூஷன் காசுக்காக அவள் கேட்கும்போதும் அதே கலண்டர்தான்.

பெண்ணுக்குத் தனிக்காசு என்பது நேற்று வந்த நாகரிகம் என்றார் இரண்டாவது பேச்சாளர். இந்த நாட்டின் பொதுச் சட்டத்தில், மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரிலேயே வைத்திருக்கவும் விற்கவும் 1923இலேயே கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. வடக்குத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண்தான் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் தேட வேண்டும். சட்டம் கொடுத்து நூறு வருடம் தாண்டிய ஒன்றை, தாலி ஏறிய கையோடு பாங்கில் போய்த் திருப்பிக் கொடு என்கிறீர்களே?

எதிரணியின் பலமான வாதம், பெண்கள் குழுவாகச் சேர்ந்து கம்பனிகளிடம் எடுக்கும் சின்னக் கடனான நுண்கடன்தான். அதை ஒப்புக்கொள்கிறேன். மனைவி புருஷனுக்குத் தெரியாமல் குழுவில் கையெழுத்து வைத்தாள், வாரத்துக்கு வாரம் லோன்காரர் படலையடியில் வந்து நின்றார், ‘அம்மா வீட்டில இல்ல எண்டு சொல்லு’ என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்பினாள். இது எங்கள் மாவட்டத்துக்குத் தெரிந்த காட்சி. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில், பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே ஏற்கும் அளவுக்கு அது போனது. தனித்தனிக் கணக்கு வைத்தால் இப்படித்தான் ஒளிப்பார்கள் என்கிறது எதிரணி. ஐயா, அந்தப் பெண்களில் எத்தனை பேரின் கையில் சொந்தக் காசு இருந்தது? வீட்டுக் காசு முழுக்க ஒரு கையில், கேட்டால் கணக்கு, கேட்காவிட்டால் பட்டினி. அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதானே குழுக் கூட்டத்துக்குப் போனார்கள்? வெறுங்கைதான் ஒளிக்க வைத்தது.

ஒளிக்கச் சொல்லி நாங்கள் வரவில்லை. சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, கலியாணச் செலவுக்கு எந்த நகை அடகில் கிடக்கிறது, அக்காவின் சீதனத்தில் இன்னும் எவ்வளவு பாக்கி, எல்லாம் முதல் மாதமே மேசைக்கு வர வேண்டும். வீட்டுச் செலவுக்கு ஒரு பொதுக்கணக்கும் வைக்கட்டும், அதில் எங்களுக்குச் சண்டையில்லை. அதற்குப் போனது போக மிஞ்சுவது அவரவர் கணக்கில் இருக்கட்டும் என்கிறோம்.

பங்கு எப்படி? சரிபாதி என்றால் அநியாயம். அவர் நிலாவெளி ஹோட்டலில், அவ பள்ளிக்கூடத்தில் என்று வையுங்கள். அவருக்கு அறுபதாயிரம், அவவுக்கு நாற்பதாயிரம், வீட்டுச் செலவு ஐம்பதாயிரம் என்றால் அவர் முப்பது, அவ இருபது. மாரி தொடங்கி வெள்ளைக்காரர் வரத்து நின்று, அவரின் சர்வீஸ் சார்ஜ் இறங்கி இருவர் சம்பளமும் சமமானால், ஆளுக்கு இருபத்தைந்து. இந்தக் கணக்கைப் போட ஒரு மாலை நேரமும் ஒரு பிளேன்டியும் போதும். எல்லாம் ஒரே கணக்கில் கிடந்தால் யார் சுமக்கிறார் என்றே தெரியாது. தெரியாத சுமைதான் ஐயா, பிறகு மாமியார் பெயரில் சண்டையாக வெளியே வரும்.

மணி அடித்துவிட்டது. எதிரணி பதிலுரைக்கு வரும்போது ஒன்றை மட்டும் விளக்கட்டும். மனைவியின் பிறந்தநாளுக்குச் சொல்லாமல் ஒரு சேலை வாங்குகிறார் கணவன். ஒரே கணக்கு ஆச்சே, அவர் கடைப்படி இறங்குமுன் கடைப்பெயரும் விலையும் அவளின் போனுக்கு எஸ்எம்எஸ்ஸாகப் போய்விடும். ‘இந்த விலைக்கு இந்தக் கலரா?’ என்று அவள் போனில் கேட்டால், அந்த மனிசன் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எதிரணித் தலைவரே எழுதிக் கொடுத்துவிடட்டும். வணக்கம்.