காளை வழிக் குறியும் தாய் வழிக் குறியும்: கன்றுக் கருவின் முதல் வாரம்

[திரையில்: சித்திரை மாதக் கண்ணபுரம் மாட்டுச் சந்தை]

சந்தையில் காங்கேயம் கன்று பிடிக்கும்போது நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி: காளை எது, தாய் மாடு எது? அந்த விவரத்தைக் கருவும் மறக்காமல் வைத்திருக்கிறது.

[திரையில்: கருவுற்ற முட்டை, ஒற்றைச் செல்]

சினை ஊசி போட்டுக் கரு பிடித்துவிட்டது என்று வையுங்கள். கொம்பு, திமில், குளம்பு எல்லாவற்றுக்கும் வேண்டிய ஜீன்கள் இந்த ஒரே செல்லுக்குள் இருக்கின்றன. எது வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று சொல்பவற்றில் முக்கியமானவை டிஎன்ஏ மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகள் என்ற சின்னஞ்சிறு வேதி ஒட்டுகள். ஜீனின் எழுத்து மாறாமலே அதன் வேலை மாறுகிறது. இதுதான் எபிஜெனெடிக்ஸ்.

விந்தணுவிலும் முட்டையிலும் இருந்த பழைய குறிகள் புதுக் கருவுக்கு ஆகாது. காளை வழி டிஎன்ஏவில் முதல் பிளவுக்கு முன்பே பெரும்பகுதியைத் துடைக்கும் வேலை தொடங்கிவிடும். டெட்3 என்ற நொதிக்கு அதில் பெரிய பங்கு. தாய் வழியில் செல் பிளக்கப் பிளக்கக் குறிகள் குறைந்துகொண்டே போகும். கருவின் சொந்த ஜீன்கள் விழிக்கும்வரை அதை நடத்துவது தாய் முட்டையில் சேர்த்து வைத்த ஆர்என்ஏ, அதாவது தாயின் ஜீன் கட்டளைகளின் நகல். மாட்டில் 8 முதல் 16 செல் ஆகும்போதுதான் அவை பெரிய அளவில் விழிக்கின்றன. எலியில் 2 செல்லிலேயே!

[திரையில்: துடைப்புக்குத் தப்பிய குறிகள்]

சரி, எல்லாம் அழிந்துவிடுகிறதா? இல்லை. என்னைக் கேட்டால் கருவியலிலேயே அழகான இடம் இதுதான். சில ஜீன்களின் குறிகள் மட்டும் தப்பிவிடுகின்றன. கருவை வளரத் தூண்டும் ஐஜிஎஃப்2 ஜீனில் காளை கொடுத்த பிரதிதான் வேலை செய்யும். அந்த வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் ஐஜிஎஃப்2ஆர் ஜீனில் தாய் கொடுத்த பிரதி.

தாய் பங்கு, தந்தை பங்கு இரண்டும் கருவுக்கு வேண்டுமா என்று 1984இல் எலிகளில் சோதித்தார்கள். டிஎன்ஏவின் இரண்டு பங்கும் தாயிடமிருந்தே வந்த கருவில் நஞ்சுக்கொடி சரியாக வளரவில்லை. இரண்டும் தந்தையிடமிருந்து வந்ததில் நஞ்சுக்கொடித் திசு வளர்ந்தது, கரு தேறவில்லை. இரண்டு வகையிலும் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை.

[திரையில்: ஆய்வகத் தட்டில் கரு]

ஆய்வகத்தில் உருவாக்கும் கருக்களில் சில சமயம் கன்று அளவுக்கு மீறிப் பெரிதாகி, ஈனும்போது மாடு படாத பாடு படும். இப்படிப் பெருத்த செம்மறிக் கருக்களில் கடிவாளம் போடும் ஐஜிஎஃப்2ஆர் ஜீனின் குறி அழிந்து, அதன் வேலை குறைந்திருந்ததை 2001இல் கண்டார்கள். தட்டில் கரு இருக்கும் அந்த ஏழு நாளும், அது வளரும் கரைசலும் அவ்வளவு முக்கியம். உங்கள் மாட்டுக்கு அப்படிக் கரு வைக்க நினைத்தால், கன்றின் எடை பற்றியும் ஈற்றுச் சிரமம் பற்றியும் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.